உப்புத் தண்ணியில் கட்டிய அறை

கல்யாணம் முடிந்து அந்த வீட்டின் படுக்கையறைக்குள் நான் முதன்முதலாகப் போனபோது, தலைக்கு மேலே ஒரு காதணி விழா நடந்துகொண்டிருந்தது. பெரிய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை நாலு மூலையிலும் ஆணி அடித்து, கயிறு போட்டு, சீலிங்குக்குக் கீழே இழுத்துக் கட்டியிருந்தார்கள். மொட்டை போட்ட குழந்தைகள், சுற்றிலும் கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்மார், கும்பிட்டபடி பெரியவர்கள். எல்லோரும் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பேனர் தொந்தி வைத்திருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன். கட்டிக்கொண்டவரிடம் தனியாக நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"மேல இருந்து கொஞ்சம் உதிரும்," என்றார்.

"படம் ஏன் கீழ பாக்குது?"

"பின்பக்கம் வெள்ளை. அழுக்குத் தெரியும்ல."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. சொந்த ஊர் காரியாபட்டிப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை நூல் மில்லில் வேலை பார்த்தேன். அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. அருப்புக்கோட்டையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வீடு, திருச்சுழி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கருவேலங்காட்டுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்து போகிற ஊரில். ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஒரு அறை. அவரும் அவருடைய அம்மாவும் மட்டும். அத்தை கூடத்தில் படுத்துக்கொள்வார். மாமா நான் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே தவறிவிட்டார். பருத்தி நன்றாக விளைந்த ஒரு வருடத்தில் அவர் அந்த வீட்டைக் கட்டினார். மேலே காங்கிரீட்டு போட மட்டும் ஆள் வைத்தார். மற்றதெல்லாம் அவர் கையாலேயே கட்டியது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது அந்த அறையின் கதவு பூட்டியிருந்தது. உள்ளே நெல் மூட்டை அடுக்கியிருப்பதாகச் சொன்னார்கள்.

காலையில் எழுந்தால் தலையணையில் வெள்ளையாகத் தூள் கிடக்கும். மேலிருந்து விழுவதைப் பேனர் பிடித்துக்கொள்ளும், சுவரிலிருந்து உதிர்வதை என்ன செய்வது? மில்லில் இருந்தவரை தலையில் பஞ்சு இருக்கும். இங்கே சிமெண்டு இருந்தது. எப்படியும் தலையை உதறித்தான் பழக்கம் என்பதால் முதல் மாதம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேனரில் கனம் ஏறும்போது என் வீட்டுக்காரர் ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்து, உள்ளே சேர்ந்திருப்பதை மெதுவாக வாளியில் இறக்குவார். அதற்கென்றே தனியாக ஒரு வாளி இருந்தது. "சீலிங் எறக்கிட்டு வாரேன்," என்று, மாட்டில் பால் கறக்கப் போகிறவர் மாதிரி சொல்லிவிட்டுப் போவார். கொட்டிவிட்டு வந்து மறுபடி கட்டுவார். அவரைப் பொறுத்தவரை அந்த அறையில் குறை ஒன்றும் இல்லை.

ஒரு நாள் மதியம் கட்டிலில் உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து எழுந்து போனேன். அடுப்படி வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன், பின்னால் சுவர் இடிந்த மாதிரி சத்தம். திரும்பிப் போய்ப் பார்த்தால், இட்லிப் பானை மூடி அளவுக்கு ஒரு காங்கிரீட்டுச் சில்லு, தாய்மாமன் ஒருவரைக் கழுத்தோடு கிழித்துக்கொண்டு கீழே வந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் தூளும் சல்லியும் சரசரவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை வந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "நல்ல வேளை, கட்டிலுக்கு ஒண்ணும் ஆகல," என்றார்.

"எனக்கும் ஒண்ணும் ஆகல அத்தை."

"அதான் தெரியுதே. பால் பொங்குது, போய்ப் பாரு."

சாயங்காலம் அவர் வந்தார். கிழிந்த பேனரைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். "இது மெலிசு. எலெக்‌ஷன் ஃபிளெக்ஸா ஒண்ணு பாக்கணும். அதுதான் கனமா இருக்கும்," என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. "ஒண்ணு இந்த ரூம்பச் சரி பண்ணுவோம். இல்லாட்டி நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்," என்றேன்.

அவர் யோசித்தார். "காரியாபட்டிக்குக் கடைசி பஸ்ஸு போயிருக்குமே," என்றார். பிறகு, "அப்ப ரூம்பச் சரி பண்ணுவோம்," என்றார்.

ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தோம். அவர் அறைக்குள் வரவே இல்லை. வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் நல்லது என்று சொல்லி, ஒரு தொகையும் சொன்னார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கல்யாணத்துக்கு வாங்கிய லோனே ஓடிக்கொண்டிருந்தது. நாமே செய்துவிடுவோம் என்று அன்றைக்கு முடிவானது. எங்கள் இருவரில் யாருக்கும் கரண்டி பிடித்த பழக்கம் இல்லை. கொத்துக் கரண்டியைச் சொல்கிறேன்.

அத்தைக்கு இதில் சம்மதமில்லை. "அவுக கையால கட்டுன செவரு. அதுல போய்க் கை வச்சா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நாங்கள் கட்டிலையும் பீரோவையும் கூடத்துக்கு இழுத்துப் போட்டபோது அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் என்ன என்று கேட்டால், "உள்ள கேளுங்க," என்றார்.

என் வீட்டுக்காரர் காலையில் ஆட்டோவுக்குப் போய்விடுவார். பகலில் நான்தான் கொத்துவேன். சுவரில் பூச்சு எடுப்பது நினைத்த மாதிரி கஷ்டமில்லை. உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால், இதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தது போலப் பாளம் பாளமாக வந்தது. பின்னால் செங்கல் ஈரமாக, வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். ரசத்துக்குப் போடலாம், அப்படி ஒரு உப்பு.

வாசலுக்குப் போய், "அத்தை, செவரு உப்புக் கரிக்குது," என்றேன்.

அவர் திரும்பவில்லை. "கரிக்கத்தான் செய்யும்," என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். வீடு கட்டும்போது தண்ணீர் சுமந்தது அவர்தான். பக்கத்தில் இருந்த கிணற்றில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் ஊருணிக்குப் போக வேண்டும், அது தூரம். உப்புத் தண்ணீரில் கட்ட வேண்டாம், நான் ஊருணியிலிருந்து தூக்கிவருகிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறார். மாமா கேட்கவில்லை.

"சிமெண்டுக்கு நாக்கா இருக்கு, ருசி பாக்கன்னு சொன்னாக. நான் அம்புட்டுத் தூரம் தூக்கக் கூடாதுன்னு சொன்னாகளோ, இல்ல வேல சீக்கிரம் முடியணும்னு சொன்னாகளோ, தெரியல. நின்னாக, அந்தக் கெணத்துத் தண்ணிதான்னு. நானும் அதையே தூக்குனேன்."

"அப்பறம்?"

"குடி வந்து மறு வருசமே உதிர ஆரம்பிச்சிருச்சு. பூசுனாக. திரும்ப உதிந்துச்சு. திரும்பப் பூசுனாக, அதே தண்ணிய ஊத்தி. நான் அப்பவே சொன்னேன்லன்னு ஒரு நாளும் நான் சொல்லல. நான் அப்பிடி ஒண்ணு சொன்னதா அவுகளும் காட்டிக்கிறல. அப்பிடியே போயிட்டாக."

உள்ளே போய்க் கொத்த ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. அத்தை. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார்.

"தள்ளு," என்றார்.

என் கையிலிருந்து சுத்தியலை வாங்கினார். உளியெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி ஒரு போடு போட்டார். "நான்," என்றார். இன்னொன்று போட்டார். "அப்பவே," என்றார். மூன்றாவது அடியில் பூச்சு பெரிய பாளமாக விழுந்தது. "சொன்னேன்ல," என்றார்.

அதற்குப் பிறகும் அவர் அடித்துக்கொண்டே இருந்தார். நான் விழுந்ததை அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் கன்னத்தில் தூசிக்கு நடுவே கோடு கோடாக ஈரம் இறங்கியிருந்தது. வேர்வையா என்று நான் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய அம்மா, அவருடைய அப்பா கட்டிய சுவரை வெளுத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"பேசிக்கிட்டிருக்கேன். நீ போய்ச் சாப்பிடு," என்றார் அத்தை.

நான் ஒரு வாரம் ஆகும் என்று நினைத்திருந்த வேலை மறுநாளே முடிந்துவிட்டது.

இந்தத் தடவை நல்ல தண்ணீரில்தான் பூச வேண்டும் என்பதில் அத்தை உறுதியாக இருந்தார். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் டேங்க் வைத்த வண்டியில் வரும், குடக்கணக்கில் விற்பார்கள். அத்தை தெருவில் நின்று குடம் குடமாக வாங்கினார். ஒவ்வொரு குடத்திலும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்த பிறகுதான் சிமெண்டில் ஊற்ற விட்டார்.

"விருந்தாளி வந்திருக்காகளா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"இல்ல, செவத்துக்கு."

அவர் அடுத்த குடத்தை நிரப்பினார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. காரியாபட்டிப் பக்கம் எடுத்த மருமகள் சிமெண்டுக்குக் குடிதண்ணீர் கேட்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அத்தை யாரையும் திருத்தவில்லை.

பூசுவதற்கு போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டோம். அதில் ஒருவர் சிரித்த முகமாகக் கலவையை அள்ளிச் சுவரில் வீசுவார், அது ஒட்டிக்கொள்ளும். "அவ்வளவுதாங்க, ரொம்ப ஈஸி," என்பார். நாங்கள் வீசியது சுவரில் பட்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காலில் விழுந்தது. மண் போதவில்லை என்று மண் சேர்த்தோம். சிமெண்டு போதவில்லை என்று சிமெண்டு சேர்த்தோம். அவரும் பாதிக் கோபத்தில் இருந்தார், நானும் பாதிக் கோபத்தில் இருந்தேன். கடைசியில் அந்த வீடியோவை முதலிலிருந்து பார்த்தபோது, சுவரை நன்றாக நனைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த வீடியோக்காரர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். நாங்கள் ஆரம்பத்தைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து பார்த்திருக்கிறோம்.

நனைத்த பிறகு ஒட்டியது. நான் வீசுவேன், அவர் மட்டப்பலகை பிடித்து இழுப்பார். ஆட்டோவை ரிவர்ஸ் எடுக்கும்போது பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு மட்டம் பார்ப்பார். அதில் அவருக்குக் கை வந்தது. எனக்குச் சிமெண்டு அரித்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

முகத்தைப் பார்த்தால் பேச வராத மனிதர், சுவரைப் பார்த்தால் பேசுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் பார்த்த இடமெல்லாம் இந்த அறையால்தான் தட்டிப்போனது என்றார். பெண் வீட்டார் வருவார்கள், கதவைத் திறந்து பார்ப்பார்கள், காப்பியைக் குடிப்பார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள்.

"அதான் உங்க வீட்ல வந்தப்ப பூட்டிப்புட்டோம். நெல்லு மூட்டை இருக்குன்னு பொய் சொன்னோம்."

"தெரியும்."

மட்டப்பலகை நின்றது. "எப்பிடித் தெரியும்?"

"இந்த ஊர்ல ஏது நெல்லு?"

அவர் பலகையை மறுபடி சுவரில் வைத்தார். "கடலை மூட்டைன்னு சொல்லியிருக்கணும்," என்றார்.

"ஆமா. கடலைன்னா நம்பியிருப்பேன்."

"தெரிஞ்சும் ஏன் சரின்ன?"

பூட்டிய கதவுக்கு முன்னால் அவர் நின்றிருந்த விதம் எனக்கு ஞாபகம் இருந்தது. பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று அப்போது தோன்றியது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், "கலவை காயுது, இழுங்க," என்றேன். இழுத்தார். ஆனால் அன்றைக்கு முழுக்க மெதுவாக ஏதோ பாட்டை முனகிக்கொண்டே இருந்தார், என்ன பாட்டென்று கடைசி வரை பிடிபடவில்லை.

சீலிங்தான் எங்களைப் படுத்தியது. பெயர்ந்ததையெல்லாம் தட்டி எடுத்த பிறகு, உள்ளே கம்பிகள் துருவேறி, தொட்டால் செதில் செதிலாக உரிந்தன. கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தேய்த்தால் துரு கண்ணில் விழும். அவர் ஹெல்மெட்டைப் போட்டுக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். வீட்டுக்குள் ஹெல்மெட்டோடு நிற்கிற மகனைப் பார்த்து, "ரோட்டுல போடச் சொன்னா போட மாட்டான்," என்றார் அத்தை.

கம்பிக்குத் துருப் பிடிக்காத பெயிண்டு அடித்து, சிமெண்டுப் பால் பூசி, கலவையை அப்பினோம். இரண்டு நாள் கழித்து அது அப்படியே ஹெல்மெட்டின் மேல் வந்தது. அடுத்த தடவை மெலிசாக அப்பி, காயவிட்டு, அதன் மேல் இன்னொரு பூச்சு மெலிசாக அப்பி, பலகை கொடுத்து, சவுக்குக் கம்பால் முட்டு வைத்தோம். அறை முழுக்க முட்டுக் கம்புகள். அது வரை எல்லோரும் கூடத்தில்தான் படுத்தோம். முதலில் அத்தை, பிறகு நான், பிறகு டேபிள் ஃபேன், அதற்கப்புறம் அவர். புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று ஊரில் இன்னும் சிலர் எங்களை விருந்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முட்டுக் கம்பு எடுத்த அன்று எல்லோரும் வெளியே நின்றோம். அவர் மட்டும் உள்ளே போய்க் கம்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். ஒன்றும் விழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அப்போதும் விழவில்லை. அவர் வெளியே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, "நிக்குது," என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மொட்டை மாடியில் விரிசலையெல்லாம் அடைத்து வெள்ளை அடித்தோம். உள்ளே அடிக்கத்தான் பெயிண்டு இல்லை. லோடு இறக்கப் போகிற வீடுகளில் மிஞ்சிக் கிடக்கிற டின்களைக் கேட்டு வாங்கிவந்தார். கொஞ்சம் நீலம், கொஞ்சம் ரோஸ், அடியில் காய்ந்த மஞ்சள். எந்த ஒன்றும் முழு அறைக்கும் வராது என்பதால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினோம். சுக்குக் காப்பி மாதிரி ஒரு நிறம் வந்தது. அடித்து முடித்ததும் அத்தை வந்து சுற்றிப் பார்த்தார்.

"நல்லாருக்கு. அழுக்குத் தெரியாது," என்றார்.

கட்டிலை உள்ளே போட்ட அன்று மதியம் அத்தை தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா போன பிறகு அவர் அந்த அறையில் படுத்ததே இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நாங்கள் கூடத்தில் சத்தம் காட்டாமல் இருந்தோம். பொழுது சாயும்போதுதான் வெளியே வந்தார். முகம் தெளிவாக இருந்தது. "காத்து வரல. ஜன்னலத் தொறந்து வச்சுப் படுங்க," என்று சொல்லிவிட்டுத் தன் பாயை வழக்கமான இடத்தில் விரித்தார்.

ஐப்பசியில் மழை பெய்தது. எங்கள் பக்கம் பெய்கிற மழைக்கு அது பெரிய மழை. எல்லோரும் போய் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு இல்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் கால் நனைந்தது. ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜன்னலைப் பற்றி நாங்கள் யாருமே நினைக்கவில்லை. கட்டிலை எதிர்ப் பக்கம் நகர்த்திப் போட்டோம். மழை விட்டதும் அவர் கொஞ்சம் சிமெண்டு குழைத்துவந்து அடைத்தார்.

அடுத்த வாரம் என் அம்மா வந்தாள், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது, போனில் நான் சொல்லியிருக்கவில்லை. காப்பி குடித்துவிட்டு அறையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், சீலிங்கைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"ரூம்பு சின்னதா இருக்கே," என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை வந்து அம்மாவின் கையைப் பிடித்து, சுவரில் வைத்து, அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க மதினி."

அம்மா தன் கையைப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தாள். "என்ன பாக்கச் சொல்றீக? ஒண்ணும் இல்லையே."

"ஆமா," என்றார் அத்தை. "ஒண்ணும் இல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள், சம்பந்தியம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்கிற மாதிரி. நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே நின்று சிரித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.